பாங்காக்கில் ஒரு சின்ன காண்டோ: வெளிநாட்டுக்காரர் பெயரில் வீடு பதிவாவது எப்படி

பாங்காக்குக்கு வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆனதும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். வாடகை மாதம் 18,000 பாத், வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது, இதே ஆன் நுட் பக்கம் முப்பது சதுர மீட்டர் காண்டோ முப்பது லட்சம் பாத்துக்குக் கிடைக்கிறதே, வாங்கிப் போட்டால் என்ன? எனக்கும் ஓடியது. 2023-ல் 31 சதுர மீட்டரில் ஒன்று வாங்கினேன், 29 லட்சம் பாத், அன்றைய மதிப்பில் சுமார் 70 லட்சம் ரூபாய். அதிலிருந்து பழகியவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: வெளிநாட்டுக்காரர் பெயரில் அங்கே வீடு பதிவாகுமா?

ஆகும். ஆனால் நம் ஊரில் ஃபிளாட் வாங்கிய அனுபவத்தை வைத்துக்கொண்டு இங்கே இறங்கினால் தடுமாறுவோம். நாம் பால்கனி எந்தப் பக்கம், ரயில் நிலையம் எத்தனை நிமிஷ நடை என்று பார்த்துக்கொண்டிருப்போம். அதிகாரி பார்ப்பது உங்கள் பணம் எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது என்பதை. அது சரியாக இல்லாவிட்டால் கையில் முழுப் பணம் இருந்தும் பதிவு நடக்காது. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காண்டோ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. தனி வீடு, வில்லா எல்லாம் நிலத்தோடு சேர்ந்தவை, ஆகவே நமக்கு இல்லை. 'ஒரு கம்பெனி ஆரம்பித்து, பேருக்கு நாலு தாய்லாந்துக்காரர்களைப் பங்குதாரராகப் போட்டு வாங்கிவிடலாம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது பினாமி, சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். நமக்குத் திறந்திருக்கும் கதவு 1979-ல் வந்த காண்டோமினியம் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடத்தில் ஒவ்வொரு அறைக்கும் (நம் ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும்) தனிப் பத்திரம் உண்டு, ஓ.சோ. 2 என்று பெயர். நிலம், லிஃப்ட், படிக்கட்டு, நீச்சல் குளம் எல்லாம் பொதுச் சொத்து, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்ற விகிதம் பத்திரத்திலேயே இருக்கும். சென்னையில் ஃபிளாட் வாங்கும்போது 'யூடிஎஸ் எவ்வளவு' என்று பிரிக்கப்படாத நிலப் பங்கைத்தான் முதலில் கேட்போம். இங்கே அறைதான் சொத்து, அதனால்தான் வெளிநாட்டுக்காரருக்கும் கொடுக்கிறார்கள். இன்னொரு நல்ல விஷயம், பத்திரத்தில் 31 சதுர மீட்டர் என்று இருந்தால் அது அறையும் பால்கனியும் மட்டும். லிஃப்டுக்கும் வராந்தாவுக்கும் பங்கு சேர்த்து ஊதிக் காட்டும் 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கு இங்கே கிடையாது.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எல்லா அடுக்குமாடியும் காண்டோ இல்லை. இங்கே 'அபார்ட்மென்ட்' என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே முதலாளி கட்டி, மொத்தத்தையும் வாடகைக்கு விடும் கட்டடம். அதில் அறை அறையாக விற்க வழியில்லை.

அடுத்தது 49 என்ற எண். ஒரு காண்டோ கட்டடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பெயரில் இருக்கக்கூடியது மொத்த அறைப் பரப்பில் 49 சதவீதம் மட்டும். அறைகளின் எண்ணிக்கையில் இல்லை, பரப்பில். கட்டடத்தின் எல்லா அறைகளும் சேர்ந்து 10,000 சதுர மீட்டர் என்றால் 4,900 வரை வெளிநாட்டுக்காரர்கள் வைத்திருக்கலாம். ஏற்கெனவே 4,885 போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 15. உங்கள் 31 சதுர மீட்டர் அறை அதற்குள் அடங்காது, விற்பவர் எவ்வளவு ஆசையோடு விற்க நின்றாலும் பதிவாகாது. இந்த வரம்பை 75 ஆக உயர்த்தலாமா என்று 2024-ல் அரசு ஆராயச் சொன்னது, அந்தச் செய்தியை வைத்து 'சீக்கிரம் மாறிவிடும், இப்போதே அட்வான்ஸ் போடுங்கள்' என்று சில ஏஜென்ட்கள் பேசினார்கள். வரும் சட்டத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இடம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு காண்டோவிலும் ஒரு நிர்வாக அமைப்பு சட்டப்படி உண்டு, 'நிதிபுக்கோன்' என்பார்கள், பேச்சில் சுருக்கி 'நிதி'. (நம் 'நீதி' என்ற சொல்தான் இங்கே இப்படி ஆகியிருக்கிறது.) தரைத்தளத்தில் அவர்களுக்கு ஓர் ஆபீஸ் இருக்கும். வெளிநாட்டுக்காரர் பங்கு இப்போது எத்தனை சதவீதம் என்று அங்கே கேட்டாலே சொல்லிவிடுவார்கள், பதிவுக்குப் போகும்போது அதையே கடிதமாகவும் கொடுப்பார்கள். இதில் ஒரு வசதி உண்டு. விற்பவரே வெளிநாட்டுக்காரர், அறை ஏற்கெனவே அந்தப் பங்கில் இருக்கிறது என்றால் கவலையே இல்லை, ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வரும், அவ்வளவுதான். நான் வாங்கியது அப்படித்தான், விற்றவர் ஜப்பானுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

49 நிரம்பிய கட்டடத்தில் உங்களுக்கு 'லீஸ்ஹோல்ட்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். விலை கவர்ச்சியாக இருக்கும். அது சொந்தம் இல்லை, 30 வருஷக் குத்தகை. சட்டம் அனுமதிக்கும் உச்சமும் அதுதான். '30, அப்புறம் 30, அப்புறம் இன்னொரு 30, மொத்தம் 90 வருஷம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், முதல் 30 மட்டும்தான் நில அலுவலகத்தில் பதிவாகும், மற்றது நீட்டிக்கிறேன் என்ற வாக்குறுதி. எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷ வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுவதற்கு, மாதாமாதம் கட்டிக்கொண்டு நினைத்தபோது வேறு வீடு மாறுவது மேல்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். தாய்லாந்தில் நிரந்தர வசிப்புரிமை வாங்கியவர்கள் போன்ற சிலருக்கு விதி வேறு. வேலை விசாவிலும் ஓய்வு விசாவிலும் இருக்கும் நம்மைப் போன்ற பெரும்பாலோருக்கு விதி இதுதான்: வாங்கும் விலைக்குக் குறையாத தொகை வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டு நாணயமாகவே வர வேண்டும், தாய்லாந்து வங்கிக்குள் வந்த பிறகுதான் பாத்தாக மாற வேண்டும், மாறியதற்கு வங்கி கொடுத்த தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து எடுப்பது போன்ற வேறு வழிகளும் உண்டு, ஆனால் நடைமுறையில் எல்லோரும் போவது இந்த வழியில்தான். ஒரு தடவையில் வரும் தொகை 50,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி எஃப்.இ.டி. என்ற படிவம் தரும், பழைய ஆட்கள் இன்னும் 'தோ.தோ. 3' என்றே சொல்வார்கள். அதைவிடக் குறைவாக வந்தால் வங்கியிடம் தனியாகக் கடிதம் எழுதி வாங்க வேண்டும். அனுப்பும்போது 'காண்டோ வாங்குவதற்காக' என்று நோக்கத்தைக் குறிப்பிட வேண்டும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

நான் பாங்காக்கில்தான் வேலை பார்க்கிறேன், சம்பளம் பாத்தில் வருகிறது, ஒழுங்காக வரி கட்டுகிறேன், பணம் இங்குள்ள வங்கியிலேயே கிடக்கிறது. அந்தப் பணத்தை வைத்து அதே தெருவில் இருக்கும் காண்டோவை என் பெயரில் பதிய முடியாது. முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை, வங்கியில் இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சேமித்த பாத்தை, வேலை அனுமதி, வரி கட்டிய சான்று எல்லாம் காட்டி வெளிநாட்டில் உள்ள உங்கள் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து டாலராகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் பலர். இரண்டு தடவை மாற்றுக் கட்டணம் போகும். எனக்கு முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்துச் சேமிப்பு அங்கேயே இருந்ததால் தப்பித்தேன்.

அப்படியும் ஒரு தப்பு செய்தேன். ஒப்பந்தம் போட்ட அன்று ஒரு லட்சம் பாத் முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க் கணக்கிலிருந்து கைபேசிச் செயலி வழியாக அனுப்பினேன், கட்டணம் குறைவு, ஐந்து நிமிஷத்தில் விற்பவர் கணக்கில் ஏறிவிட்டது. சந்தோஷமாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து வங்கியில் தாள்களை அடுக்கிக் கொடுத்தபோது அங்கிருந்த அம்மா அந்த ஒரு வரியில் பேனாவை வைத்து நிறுத்திவிட்டார். அது உள்ளூர்ப் பணம் என்றார். செயலி என் சிங்கப்பூர் டாலரை வெளியிலேயே பாத்தாக மாற்றி, பாங்காக்கில் உள்ள ஒரு கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறது. வங்கியின் பதிவில் அது இன்னொரு உள்ளூர்ப் பரிமாற்றம் மட்டுமே. அதனால் விலையில் ஒரு லட்சம் பாத்துக்கு என்னிடம் சான்று இல்லை. விற்பவர் நல்ல மனிதர், அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார், நான் முழு 29 லட்சத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவே வங்கி வழியாக சிங்கப்பூர் டாலராகவே அனுப்பினேன். அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஒரு லட்சத்தைத் தனியாக இன்னொரு முறை வெளியிலிருந்து கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்திருக்கும். அதனால் சொல்கிறேன், முன்பணமாக இருந்தாலும் சரி, பத்தாயிரம் பாத்தாக இருந்தாலும் சரி, வங்கியிலிருந்து வங்கிக்கு, வெளிநாட்டு நாணயமாகவே போகட்டும். கட்டணம் ஆயிரம் ரூபாய் கூடினால் கூடட்டும்.

இந்தத் தாள் வாங்கும் அன்றோடு முடிவதில்லை. நாளைக்கு விற்றுவிட்டு முழுப் பணத்தையும் வெளியே கொண்டுபோகும்போது வங்கி முதலில் கேட்பது இதைத்தான்: உள்ளே வந்ததற்குச் சான்று எங்கே? அது இருந்தால் வேலை சுலபம்.

கடன் பற்றி ஒரு வரி: தாய்லாந்து வங்கிகள் வெளிநாட்டுக்காரருக்கு வீட்டுக் கடன் தருவது அரிது, தந்தாலும் பாதி விலை அளவுக்கு முன்பணம் எதிர்பார்ப்பார்கள். மொத்தப் பணமும் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

பதிவு நாள் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. நில அலுவலகத்துக்குக் காலை எட்டரைக்கே போய் டோக்கன் எடுத்தோம். விற்பவர், ஏஜென்ட், எனக்கு மொழிபெயர்க்க ஒரு தாய்லாந்துத் தோழி, நான். கையில் வங்கிக் காசோலை, எஃப்.இ.டி., வெளிநாட்டுக்காரர் பங்குக் கடிதம், அப்புறம் 'கடன் பாக்கி இல்லை' என்று நிதி ஆபீஸ் கொடுத்த சான்று. இந்தக் கடைசிச் சான்று இல்லாமல் பதிவே நடக்காது, ஏனென்றால் பழைய சொந்தக்காரர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் அது தீராமல் கைமாறக் கூடாது என்பது சட்டம். கேட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது, ஆனாலும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். வில்லங்கம் பார்ப்பது நம் ஊரைவிடச் சுலபம்: பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை, யார் யாருக்கு எப்போது கைமாறியது, எந்த வங்கியில் அடமானம் வைத்தது, எப்போது மீட்டது எல்லாம் வரிசையாக இருக்கும். அசலைக் கையில் வைத்துக்கொண்டு, நில அலுவலகத்தில் உள்ள பிரதியும் அதையே சொல்கிறதா என்று ஒப்பிட்டால் போதும்.

அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. இது யார் பெயர் என்று கேட்டார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கூட வரும் என்று தோழி சொல்லி விளக்கினாள். பிறகு இரண்டையும் தாய் எழுத்தில் எழுதினார், எழுதிவிட்டு எனக்கு மெதுவாக வாசித்தும் காட்டினார். பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, பணம் அனுப்பிய சீட்டு, இவற்றில் ஒன்றில் இனிஷியலும் இன்னொன்றில் முழுப் பெயருமாக இருந்தால் அந்த மேஜையில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கும், வீடு தேடும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். பதினொன்றரை மணிக்குப் பத்திரம் கைக்கு வந்தது. மேலே கருடன், பின்பக்கம் கடைசி வரியில் என் பெயர், தேதியில் 2566. இவர்கள் புத்த ஆண்டு எழுதுகிறார்கள், நம் 2023-ஐவிட 543 கூட.

செலவு விஷயம். கைமாற்றுக் கட்டணம் அரசு மதிப்பீட்டில் 2 சதவீதம், இது விற்கும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். என் அறைக்கு மதிப்பீடு 24 லட்சம், கட்டணம் 48,000 பாத், ஆளுக்குப் பாதி. விற்பவர் ஐந்து வருஷத்துக்குள் விற்றால் பொதுவாக 3.3 சதவீதம் தனி வரி, அதற்கு மேல் வைத்திருந்தால் அதற்குப் பதிலாக 0.5 சதவீத முத்திரைத் தீர்வை, அதோடு அவருக்கு வருமான வரிப் பிடித்தமும் உண்டு. இவை வழக்கமாக விற்பவர் தலையில், ஆனால் யார் எதைக் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் அன்றைக்கு அங்கேயே வாக்குவாதம் நடக்கும், எழுதிவிடுங்கள். 70 லட்சம் பாத் வரையிலான வீடுகளுக்குக் கட்டணம் 0.01 சதவீதம்தான் என்று சலுகை வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும்.

கட்டுமான நிறுவனத்திடம் நேராகப் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது, ஓ.சோ. 22, அதில்தான் கையெழுத்துப் போட வேண்டும். விளம்பரத்தில் காட்டிய படங்களும் வாசகங்களும் ஒப்பந்தத்தின் பகுதியாகவே சட்டத்தில் கருதப்படும். அந்த வழவழ புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்புக் கட்டணம் சதுர மீட்டர் கணக்கில் வரும். எங்கள் கட்டடத்தில் மாதம் 60 பாத், 31 சதுர மீட்டருக்கு வருஷம் 22,320. நிலம்-கட்டட வரி மிகக் குறைவு, 30 லட்சம் மதிப்புக்கு 0.02 சதவீதம், 600 பாத்.

பராமரிப்புக் கட்டணம் அதிகம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. 2025 மார்ச் 28-க்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாங்காக்கின் உயரக் கட்டடங்கள் ஊஞ்சல் போல ஆடின, சதுச்சக்கில் கட்டிக்கொண்டிருந்த தணிக்கை அலுவலகக் கட்டடம் முழுக்க இடிந்து உயிர்கள் போயின. எங்கள் கட்டடத்தில் பதினான்காம் மாடி வராந்தாச் சுவரில் விரல் நுழையாத விரிசல், என் குளியலறையில் நான்கு ஓடுகள் பெயர்ந்தன. நிதி ஆபீஸ் பொறியாளரைக் கூட்டிவந்து தூண் தூணாகப் பார்க்க வைத்தது, பொதுப் பகுதிக் காப்பீட்டில் பழுது பார்த்தது. பக்கத்துக் கட்டடத்தில் பாதிப் பேர் கட்டணமே கட்டுவதில்லை, கையிருப்பு இல்லை, அங்கே மாதக்கணக்கில் லிஃப்ட் ஒன்றுதான் ஓடியது. ஆகவே இப்போது யாராவது கேட்டால், அறையைப் பார்க்கும் முன் நிதி ஆபீஸில் உட்காருங்கள் என்கிறேன். கையிருப்பு எவ்வளவு, எத்தனை பேர் பாக்கி, காப்பீட்டில் நிலநடுக்கம் உண்டா, அதற்குப் பின் நடந்த ஆய்வின் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கட்டடமே வேண்டாம்.

வாடகைக்கு விடலாமா என்றால் விடலாம், மாதக் கணக்கில். நாள் கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவது 2004 ஹோட்டல் சட்டத்தின்படி குற்றம், அனுமதி வாங்கிய ஹோட்டலுக்கு மட்டும்தான் அது. 'தினம் 1,500 பாத் வரும்' என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஏஜென்டை நம்பி வாங்காதீர்கள். இன்னொன்று, இந்த அளவு அறை வாங்கினால் விசா கிடைக்காது. வேலை போய் விசா முடிந்தால் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான், வீடு உங்களுடையதாகவே இருக்கும்.

இந்தியாவில் குடியிருந்துகொண்டே இங்கே வாங்க நினைப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே முன்கூட்டி எடுக்கும் வரி) பிடிக்கும், கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த அறையைக் காட்டியே ஆக வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டம் பாயும்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. எனக்கு ஏதாவது ஆனால்? வாரிசுக்குப் போகும். ஆனால் வாரிசும் வெளிநாட்டுக்காரர், நிரந்தர வசிப்புரிமை போல மேலே சொன்ன தகுதி எதுவும் இல்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் விற்றாக வேண்டும். என் மனைவிக்குத் தாய் மொழி தெரியாது. அதனால் இங்குள்ள வக்கீலிடம் தாய் மொழியில் உயில் எழுதி வைத்தேன், இந்த அறைக்கு மட்டும். பத்திரம், எஃப்.இ.டி., ஒப்பந்தம், உயில் நான்கின் நகலையும் ஒரு உறையில் போட்டு போன தடவை தஞ்சாவூர் போனபோது அவளிடம் கொடுத்தேன். எந்தத் தாள் எதற்கு என்று தமிழில் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், எஃப்.இ.டி. மேல் மட்டும் 'இதைத் தொலைக்காதே, வங்கியில் கேட்பார்கள்' என்று.